இதயத் துடிப்புல கோளாறுன்னு சொல்லிட்டாங்களா? மாத்திரை முதல் முருங்கைக்கீரை வரை... இனி தினசரி வாழ்க்கை எப்படி?

ஈ.சி.ஜி. பேப்பரைப் பார்த்தபடியே டாக்டர் சொல்கிறார்: "உங்க ஹார்ட் பீட் ஒழுங்கா இல்லைங்க. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு பேரு. பயப்பட ஒண்ணும் இல்ல, மாத்திரை எழுதித் தர்றேன்." ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறீர்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நீங்கள் போனதே வேறு எதற்கோ. பி.பி. செக்கப்புக்கோ, கண் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்கும் டெஸ்டுக்கோ போயிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் வரிசை கட்டும். மாடி ஏறலாமா? காபி குடிக்கலாமா? பைக் ஓட்டலாமா? கீரையை விடணுமா? இந்த மாத்திரை எத்தனை நாளைக்கு? டாக்டரிடம் கேட்க மறந்த இந்தக் கேள்விகளுக்குத்தான் இந்தக் கட்டுரை. மருந்தின் பெயர், அளவு எல்லாம் உங்களைப் பரிசோதித்த டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. அதை இதைப் படித்து மாற்றிவிட வேண்டாம்.

இதயத்துக்குள்ள என்ன நடக்குது?

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேலறையில் ஒரு சின்னத் திசு இருக்கிறது. அது மின்தூண்டலை அனுப்பினால் மேலறைகள் சுருங்கும், பிறகு கீழறைகள் சுருங்கும். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை, ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது நடக்கிறது.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (சுருக்கமாக ஏ.எஃப்.) இந்த ஒழுங்கு போய்விடும். மேலறைகளில் நிமிடத்துக்கு 300-க்கும் மேல் மின்தூண்டல்கள் கண்டபடி ஓடும். அதனால் மேலறை முழுசாகச் சுருங்காது, சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஒரு காவலாளி மாதிரி இன்னொரு திசு இருப்பதால் எல்லாத் தூண்டலும் கீழே போகாது. ஆனாலும் போகிற அளவே அதிகம். அதனால்தான் நாடி வேகமாகவும், ஒரு தாளத்துக்கு வராமலும் அடிக்கிறது.

எல்லாப் படபடப்பும் ஏ.எஃப். கிடையாது. இடையிடையே ஒரு துடிப்பு எகிறுவது ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். திடீரென்று சுவிட்ச் போட்ட மாதிரி வேகமாகி, திடீரென்று நிற்கும் வேறு கோளாறுகளும் உண்டு. எது என்று உறுதியாகச் சொல்வது ஈ.சி.ஜி.தான். வந்து வந்து போகிற ரகமாக இருந்தால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் மானிட்டர் தேவைப்படும்.

தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. படபட, தடதட, திக்திக் என்று இரட்டைக்கிளவியிலேயே நாம் துடிப்பைச் சொல்லிவிடுவோம். டாக்டர் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "ஒரு மாதிரி இருந்துச்சு டாக்டர்" என்று நிறுத்தாதீர்கள். மேஜையில் விரலால் தட்டிக் காட்டுங்கள். சீரான வேகமா, தாறுமாறான வேகமா என்பதே அவருக்குப் பாதி பதில்.

படபடப்பைவிட பெரிய ஆபத்து எது?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி. மேலறை சரியாகச் சுருங்காததால் அங்கே ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையின் ஓரத்தில் சின்னப் பை மாதிரி ஒரு பகுதி இருக்கிறது, தேங்கிய ரத்தம் பெரும்பாலும் அங்கேதான் உறைந்து கட்டியாகும். அந்தக் கட்டி நழுவினால் நேராக மூளைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். அதுதான் பக்கவாதம். ஏ.எஃப். இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து இல்லாதவர்களைவிட சுமார் 5 மடங்கு என்று அமெரிக்காவின் ஃபிரமிங்ஹாம் ஆய்வு சொன்னது. இன்றைக்கும் டாக்டர்கள் மேற்கோள் காட்டுவது அந்தக் கணக்கைத்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படபடப்பு நமக்குத் தெரியும், ரத்தம் உறைவது தெரியாது. பலருக்குப் படபடப்பே தெரியாது, கொஞ்சம் அசதி, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, அவ்வளவுதான். "எனக்கு இப்போ ஒண்ணும் இல்லையே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் சிக்குவது இங்கேதான்.

எங்கள் பெரியம்மா அப்படித்தான் நிறுத்தினார். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்திருக்கிறது. "இந்த மாத்திரைதான் காரணம்"னு அவரே முடிவு செய்து, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் காபி டம்ளரைப் பிடிக்க வலது கை வரவில்லை. இப்போது நடக்கிறார், பேச்சு மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. மாத்திரை டப்பாவில் மிச்சமிருந்த அட்டைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

வந்து வந்து போகும் ஏ.எஃப்.தானே, எப்போதும் இருப்பதைவிடப் பரவாயில்லையே என்றும் நினைக்கக்கூடாது. உறைவைத் தடுக்கும் மருந்து தேவையா என்று டாக்டர் போடும் கணக்கில், ஏ.எஃப். எத்தனை தடவை வருகிறது என்ற கேள்வியே கிடையாது. வயது 65 தாண்டியிருக்கிறதா, 75 தாண்டியிருக்கிறதா, பி.பி., சுகர் இருக்கிறதா, இதயம் பலவீனமாக இருக்கிறதா, மாரடைப்பு மாதிரி ரத்தக்குழாய் நோய் ஏதாவது உண்டா, முன்பு பக்கவாதம் வந்திருக்கிறதா என்பதைத்தான் கூட்டிப் பார்க்கிறார்கள். கூட்டல் குறைவாக இருந்தால் மருந்தே வேண்டாம் என்றும் சொல்வார்கள். உங்கள் மதிப்பெண் எவ்வளவு என்று அடுத்த முறை கேளுங்கள், தப்பே இல்லை.

சீட்டில் இருப்பது இரண்டு வகை மாத்திரை

ஒரு வகை, துடிப்பின் வேகத்தையோ தாளத்தையோ கட்டுப்படுத்துவது. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் போன்றவை வேகத்தைக் குறைக்கும். அமியோடரோன் போன்றவை தாளத்தைப் பிடித்து வைக்கும். இன்னொரு வகை, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது. முதல் வகை உங்களை நிம்மதியாக வைத்திருக்கும். இரண்டாவது வகை பக்கவாதத்தைத் தடுக்கும். படபடப்பு நின்றுவிட்டது என்பதற்காக இரண்டாவதை நிறுத்தக்கூடாது. ஷாக் கொடுத்துத் துடிப்பை ஒழுங்காக்கிய பிறகும், அப்லேஷன் செய்த பிறகும்கூட, அந்தக் கூட்டல் கணக்கில் ஆபத்து இருந்தால் இரண்டாவது மாத்திரை தொடரும்.

வேகத்தைக் குறைக்கும் மாத்திரையால் சிலருக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றும். காலையில் படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழாமல், ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இதையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அமியோடரோன் எடுப்பவர்களுக்கு தைராய்டு, கல்லீரல் பரிசோதனை அவ்வப்போது தேவை. வெயில் தோலைச் சீக்கிரம் கருக்கும் என்பதால், நம் ஊர் மே மாதத்தில் குடையும் முழுக்கைச் சட்டையும் நல்லது.

'ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை' என்ற பேச்சு வழக்கில் ஒரு சின்னத் தப்பு இருக்கிறது. அது ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, உறைவதைத் தாமதப்படுத்துகிறது. "ரத்தம் தண்ணியாகி உடம்பு பலவீனமாயிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆஸ்பிரின் போதாதா? போதாது. 2011-ல் வெளியான அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் ஒத்துவராத ஏ.எஃப். நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஆஸ்பிரின், மறுபாதிக்கு அபிக்ஸபான் கொடுத்தார்கள். அபிக்ஸபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழே குறைந்தது, பெரிய ரத்தக்கசிவு ஏறக்குறைய இருவருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே சீக்கிரம் நிறுத்திவிட்டார்கள்.

பழைய மாத்திரையா, புது மாத்திரையா?

பழையது வார்ஃபரின். அதே குடும்பத்தைச் சேர்ந்த அசினோகூமரால், 'அசிட்ரோம்' என்ற பெயரில் நம் ஊரில் பலருக்குப் பழக்கம். வார்ஃபரினுக்கு ஒரு விசித்திரமான பின்னணி உண்டு. அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப்புல் தின்ற மாடுகள் ரத்தம் கசிந்து செத்ததை ஆராயப்போய், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிறந்த மருந்து இது. 1948-ல் எலி மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கும் இதைக் கொடுத்தார்கள். "எலி மருந்தையா குடுக்கறீங்க?" என்று யாராவது பயமுறுத்தினால் பதில் இதுதான்: அளவு வேறு, கண்காணிப்பு வேறு.

அந்தக் கண்காணிப்புக்குப் பெயர் ஐ.என்.ஆர். பரிசோதனை. ஏ.எஃப். இருக்கும் பெரும்பாலோருக்கு அது 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் உறைவு, கூடினால் கசிவு. ஆரம்பத்தில் அடிக்கடியும், நிலையான பிறகு இடைவெளி விட்டும் பார்ப்பார்கள். ஒரு சின்ன நோட்டுப் போட்டு தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு மூன்றையும் எழுதி வையுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

சரி, கீரை? வார்ஃபரின் வகை மாத்திரை, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்துத்தான் உறைவைக் குறைக்கிறது. முருங்கைக்கீரை, பசலைக்கீரை, அரைக்கீரை போன்றவற்றில் அந்த வைட்டமின் நிறைய. அதற்காகக் கீரையை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் கீரை சாப்பிடுபவர் அப்படியே தொடரலாம், அதற்கேற்ப டாக்டர் அளவை வைப்பார். பிரச்னை வருவது ஏற்ற இறக்கத்தில். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு, "ரத்தம் ஊறும்"னு யாரோ சொன்னதைக் கேட்டு தினமும் முருங்கைக்கீரை சூப் குடித்தால் ஐ.என்.ஆர். சரிந்துவிடும். வீட்டில் சமைப்பவருக்கும் இந்த விஷயம் தெரிய வேண்டும்.

புது மாத்திரைகள் டாபிகட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான். இவற்றுக்கு ஐ.என்.ஆர். டெஸ்ட் வேண்டாம், கீரைக் கணக்கும் இல்லை. ஆனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனை அவ்வப்போது வேண்டும். ஏ.எஃப்.-க்குக் கொடுக்கும் ரிவராக்ஸபானை சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பு முழுசாக உறிஞ்சாது. ஏகாதசி விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் எந்த வேளை எடுப்பது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். டாபிகட்ரான் கேப்ஸ்யூலை உடைத்துக் கொட்டிக் குடிக்கக்கூடாது. அதை அட்டையிலிருந்து பிரித்து வாராந்திர மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பதும் தப்பு, ஈரக்காற்றில் கெட்டுவிடும்.

"புதுசு நல்லதுன்னா எனக்கு ஏன் பழசு?" என்ற கேள்வி நம் நாட்டில் நிறையப் பேருக்கு வரும். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிப்போனவர்கள் இங்கே அதிகம், அவர்களுக்கு 30, 40 வயதிலேயே ஏ.எஃப். வருகிறது. 24 நாடுகளில் சுமார் 4,500 ருமாட்டிக் நோயாளிகளிடம் நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022-ல் வெளியானது. ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகையே அவர்களுக்கு நல்லது, இறப்பும் குறைவு என்று அது காட்டியது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின் வகைதான். ஆகவே உங்களுக்குப் பழைய மாத்திரை எழுதியிருந்தால், டாக்டர் காலத்துக்குப் பின்தங்கியவர் என்று அர்த்தமில்லை. குழந்தை பெறத் திட்டமிடும் பெண்கள் மட்டும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும், வார்ஃபரின் கருவைப் பாதிக்கும்.

விலையைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். இந்தியாவில் உள்நாட்டு கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு புது மாத்திரைகளின் விலை குறைந்திருக்கிறது. ஆனாலும் மாதா மாதம், பல வருஷம் என்று கணக்குப் போட்டால் சுமைதான். சிலர் இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்கி மிச்சம் பிடிக்கிறார்கள். காசும் போகும், பாதுகாப்பும் இருக்காது. கட்டுப்படியாகவில்லை என்றால் டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வேறு கம்பெனி மருந்துக்கோ, வார்ஃபரினுக்கோ மாற்ற முடியுமா என்று பார்ப்பார்.

மறந்துட்டா என்ன பண்றது?

புது மாத்திரைகளின் வேலை ஒரு நாளுக்குள் உடம்பிலிருந்து வடிந்துவிடும். அதனால் நேரம் முக்கியம். டாக்டர்கள் சொல்லும் பொதுவான கணக்கு: இரண்டு வேளைக்கு நடுவிலுள்ள நேரத்தில் பாதி தாண்டவில்லை என்றால் உடனே போட்டுக்கொள்ளலாம். பாதி தாண்டிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்த வேளையைச் சரியாகப் போடுங்கள். வார்ஃபரின் வகையை அன்றைக்கே நினைவு வந்தால் போடலாம். மறுநாள்தான் தெரிந்தால் விட்டுவிட்டு நோட்டில் குறித்து வையுங்கள். எதுவாக இருந்தாலும் "நேத்து விட்டதுக்கும் சேர்த்து ரெண்டு" கூடவே கூடாது.

வலி மாத்திரைதான் வில்லன்

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போடுவது நம் வீடுகளில் சாதாரணம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும். உறைவைத் தடுக்கும் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடும். காய்ச்சலுக்கும் சாதாரண வலிக்கும் டாக்டர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் போதும். கடைக்காரரிடம் மருந்து கேட்கும்போதே "நான் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறேன்" என்று முதல் வரியாகச் சொல்லிவிடுங்கள்.

மெட்ரானிடசோல் போன்ற சில ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் ஆகியவை வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் போன்றவை புது மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும். சித்த, ஆயுர்வேத மருந்து எடுத்தால் மறைக்காதீர்கள், திட்ட மாட்டார்கள். திட்டினாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். ரசத்தில் போடும் பூண்டு பிரச்னை இல்லை. பூண்டு கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல் என்று தனியாக வாங்கிச் சாப்பிடுவதைத்தான் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

பல் பிடுங்கப் போனால் பல் டாக்டரிடம் முன்பே சொல்ல வேண்டும். நீங்களாக நான்கு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகக்கூடாது. எத்தனை நாள், நிறுத்தவே வேண்டுமா என்பதை இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்வார்கள். நேர்த்திக்கடனுக்கு அலகு குத்துவது, பச்சை குத்துவது, புதிதாக மூக்கு குத்திக்கொள்வது எல்லாமே இதே கணக்குதான். முதலில் டாக்டரிடம் கேளுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார், வேண்டுதலை வேறு மாதிரி நிறைவேற்றலாம்.

ஈறில் லேசான ரத்தம், சவரம் செய்யும்போது வெட்டிய இடத்தில் கொஞ்ச நேரம் கசிவது சகஜம். மெத்தென்ற பிரஷ், பத்து நிமிடம் அழுத்திப் பிடிப்பது போதும். மலம் தார் மாதிரி கருப்பாகப் போனாலோ, சிறுநீர் சிவந்தாலோ, மூக்கில் வரும் ரத்தம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால் மட்டும் காத்திருக்கவே வேண்டாம். வெளியே காயம் இல்லாவிட்டாலும், "நல்லாத்தான் இருக்கேன்" என்று தோன்றினாலும் உடனே போய்ப் பார்க்க வேண்டும். பாத்ரூமில் வழுக்காத மேட், பைக்கில் ஹெல்மெட் இரண்டும் இனி பேரம் பேச முடியாதவை.

காபி ஓகே... குடி?

ஃபில்டர் காபி ரசிகர்களுக்கு நல்ல செய்தி. அளவான காபி ஏ.எஃப்.-ஐக் கிளப்புகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. குடித்ததும் உங்களுக்குப் படபடவென்று வந்தால் மட்டும் குறையுங்கள். எனர்ஜி டிரிங்க் வேறு கதை, அதைத் தவிர்ப்பது நல்லது.

மது விஷயத்தில் ஆய்வுகள் சலுகை காட்டவில்லை. விடுமுறையில் அளவுக்கு மீறிக் குடித்தவர்கள் துடிப்புக் கோளாறோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததைப் பார்த்து, 1978-லேயே 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் குடிக்கும் 140 ஏ.எஃப். நோயாளிகளில் ஒரு பாதியைக் குடியை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் கவனித்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் ஏ.எஃப். திரும்பி வந்தது.

எடை பற்றிய ஆய்வு எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆச்சரியம் தந்தது. அதே ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் 355 பேரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த லெகசி ஆய்வு 2015-ல் வந்தது. உடல் எடையில் 10 சதவீதம் குறைத்து அதைத் தக்கவைத்தவர்கள், துடிப்புக் கோளாறு இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு என்றது அது. 80 கிலோ இருப்பவருக்கு 10 சதவீதம் என்றால் 8 கிலோ. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: எடை ஏறி இறங்கி ஏறி இறங்கி இருந்தால் பலன் குறையும். ஒரு மாத கிராஷ் டயட் இதற்கு உதவாது.

பலமான குறட்டை, நடு ராத்திரியில் மூச்சு முட்டி எழுவது, பகலில் தூக்கம் சொக்குவது இருந்தால் உறக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்னையாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஏ.எஃப்.-க்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான். தைராய்டும் அப்படியே. 1991 மே மாதத்தில் கேம்ப் டேவிட்டில் ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு (மூத்தவர்) மூச்சு வாங்கியது. ஏ.எஃப். என்று தெரிந்தது, தோண்டிப் பார்த்தால் தைராய்டு அதிகம் சுரந்துகொண்டிருந்தது. உங்களுக்கு தைராய்டு டெஸ்ட் எடுத்தார்களா என்று சீட்டில் பாருங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கத்திரி வெயில் வியர்வை எல்லாம் உடம்பின் பொட்டாசியத்தைக் குறைத்துத் துடிப்பைக் கிளறும். ஓ.ஆர்.எஸ்., இளநீர் உதவும். ஆனால் சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், பொட்டாசியத்தைக் கூட்டும் பி.பி. மாத்திரை எடுப்பவர்களும் இளநீரைக் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும். பி.பி. இருந்தால் ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றுக்கும் கட்டுப்பாடு.

நடக்கலாமா, வண்டி ஓட்டலாமா, தாம்பத்யம்?

துடிப்பின் வேகம் கட்டுக்குள் வந்தபிறகு நடக்கலாம், நடக்கவும் வேண்டும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினால் குறையுங்கள். நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறவர்களுக்குத் தாம்பத்ய உறவில் பொதுவாகத் தடையில்லை. இதைக் கேட்க நம் ஆட்கள் கூச்சப்படுவதாலேயே தனியாக எழுத வேண்டியிருக்கிறது. மயக்கம் வந்து விழுந்திருந்தால் மட்டும், காரணம் தெரிந்து டாக்டர் சரி சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது, கிணறு, குளத்தில் தனியாக இறங்கக்கூடாது.

வாட்ச் சொல்றதை நம்பலாமா?

ஸ்மார்ட் வாட்ச் பயனுள்ளதுதான். 2019-ல் வெளியான ஆப்பிள் ஹார்ட் ஆய்வில் 4 லட்சத்து 19 ஆயிரம் பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் அரை சதவீதம் பேருக்குத்தான் ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது. வாட்ச் சொன்னதை வைத்து ஏ.எஃப். என்று முடிவு செய்ய முடியாது, ஈ.சி.ஜி. வேண்டும். ஏற்கனவே ஏ.எஃப். உறுதியானவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்ச்சைப் பார்ப்பதில் பயன் குறைவு, பதற்றம் அதிகம். அந்தப் பதற்றமே துடிப்பை ஏற்றும்.

நாடி பார்க்க வாட்ச்சே தேவையில்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏ.எஃப்.-ல் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு தப்பும். வீட்டு பி.பி. மெஷினும் தடுமாறும், மூன்று முறை எடுத்து சராசரி பாருங்கள். தினம் ஒரே நேரத்தில் ஒரு தடவை போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "கோபப்படாதீங்க, எதையும் தூக்காதீங்க, படுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் அவர் நோயாளியாகவே ஆகிவிடுவார். அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடனுக்கும் ஏ.எஃப். உண்டு, அபிக்ஸபான் எடுக்கிறார் என்று அவரது டாக்டரே 2021-ல் அறிக்கையில் எழுதினார். அதோடுதான் அவர் வேலை பார்த்தார். நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, இரவு மாத்திரை போட்டாச்சா என்று கேட்பதும், மாதம் ஒருமுறை அட்டையை எண்ணிப் பார்ப்பதும்.

எப்போ 108-ஐக் கூப்பிடணும்?

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சு குழறுவது, திடீரென்று பார்வை மங்குவது, நிற்க முடியாமல் தள்ளாடுவது. இவற்றில் ஒன்று வந்தாலே 108. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" வேண்டாம், வாயில் தண்ணீர், காபி எதுவும் ஊற்ற வேண்டாம், விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். சில நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டாலும் போக வேண்டும், அது பெரிய பக்கவாதத்துக்கு முன்னோட்டமாக இருக்கலாம். நெஞ்சுவலி, மயக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, ஓய்விலும் அடங்காத வேகத் துடிப்பு ஆகியவற்றுக்கும் அதே எண்தான்.

மூளைக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஏ.எஃப். நோயாளிகளுக்கு இன்னொரு கேள்வியும் கேட்பார்கள்: உறைவைத் தடுக்கும் மாத்திரை எது, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார்? ஊசி போடலாமா, ரத்தக்குழாய் வழியாகப் போய்க் கட்டியை எடுக்கலாமா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. நோயாளியால் பேச முடியாமல் இருக்கலாம். ஆகவே மாத்திரையின் பெயர், அளவு, எடுக்கும் நேரம், டாக்டரின் போன் நம்பர், வீட்டில் ஒருவரின் நம்பர் எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். அதையே போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டு, மேலே பின் பண்ணி வைத்துவிடுங்கள்.